டேபிள் ரம்பம்: செட்டிநாட்டு மரப்பட்டறைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரப் பட்டறைகளுக்கு இரண்டு விதமான மரம் வருகிறது. ஒன்று மரவாடியிலிருந்து வரும் புது மரம். மற்றது பிரித்த வீடுகளிலிருந்து வரும் பழைய உத்தரம், கைமரம், தூண், நிலை, கதவு. டேபிள் ரம்பம் என்பது மேஜைப் பிளவு வழியே மேலே தெரியும்படி சுற்றும் வட்ட பிளேடில் மரத்தைத் தள்ளி அறுக்கும் மிஷின். அதைப் பற்றிச் சொல்லப்படும் பொது அறிவுரைகள் பெரும்பாலும் புது மரத்துக்கானவை. பழைய மரம் வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பதால் அதற்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம். 10 அல்லது 12 அங்குல பிளேடும் 2 முதல் 3 எச்.பி. மோட்டாரும் உள்ள மிஷினுக்கு இந்தப் பதில்கள் பொருந்தும். அளவுகள் அங்குலத்திலும் நூலிலும் (8 நூல் ஒரு அங்குலம்), நுணுக்கம் வேண்டிய இடத்தில் மில்லிமீட்டரிலும் இருக்கின்றன.

கை தவறி பிளேடில் படுவதால்தானே விபத்து நடக்கிறது?

வெளியே அப்படித்தான் தெரியும். ஆனால் பல விபத்துகளில் கை நகர்வதற்கு முன்பே மரம் நகர்ந்திருக்கும்.

பிளேடின் முன்பக்கப் பற்கள் மேலிருந்து கீழே இறங்கி, மரத்தை மேஜையோடு சேர்த்து அழுத்துகின்றன. பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே எழும்புகின்றன. அறுபட்ட மரம் அந்தப் பின்பக்கப் பற்களில் உரசினால் தூக்கப்பட்டு, பிளேடின் தலைக்கு மேலேறி, தள்ளுகிறவரை நோக்கி வீசப்படும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால் பல்நுனியின் வேகம் நொடிக்கு சுமார் 53 மீட்டர், அதாவது மணிக்கு 190 கிலோமீட்டர். பார்த்து விலகிக்கொள்ள நேரம் இருக்காது. மரத்தை அழுத்திக்கொண்டிருந்த கைக்கு அடியில் இருந்த மரம் திடீரென்று இல்லாமல் போவதால், அழுத்திய வேகத்திலேயே கை பிளேடில் போய் விழுகிறது.

ஆகவே கையைத் தள்ளி வைத்தால் மட்டும் போதாது. மரம் பின்பக்கப் பல்லைத் தொடாதபடி செய்ய வேண்டும். கீழே சொல்லப்போகும் முக்கால்வாசி விஷயங்கள் அதற்காகத்தான்.

மரம் எகிறுவதற்கு என்னென்ன காரணம்?

நெடுக்காக அறுக்கும்போது மரத்துக்குள் இருந்த இறுக்கம் விடுபட்டு, அறுத்த வெட்டு பின்னால் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வுவது முதல் காரணம். கைடு, அதாவது மரத்தை ஒட்டித் தள்ளுவதற்காக மேஜையில் நிற்கும் நேரான தடுப்பு, பிளேடுக்கு இணையாக இல்லாமல் அதன் பின்முனை பிளேடு பக்கம் உள்ளே சாய்ந்திருப்பது இரண்டாவது. இந்த இரண்டும் சேர்ந்தால் எப்படிப்பட்ட அனுபவசாலி தள்ளினாலும் மரம் எகிறும்.

முறுக்கிய பலகை மேஜையில் ஆடிக்கொண்டே போனாலும், கைடு இல்லாமல் கண் மதிப்பில் கோடு பார்த்து அறுத்தாலும் இதே கதிதான். அறுபட்ட துண்டைப் பிளேடுக்கும் கைடுக்கும் நடுவில் விட்டுவிட்டு அடுத்த மரத்தை எடுக்கப் போவதும் ஆபத்து. மழுங்கிய பிளேடு நேரடிக் காரணம் அல்ல. ஆனால் அதில் அறுக்க அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும். அழுத்தித் தள்ளும் கைதான் கட்டுப்பாட்டை இழக்கிறது. பாதி அறுப்பில் மிஷின் திணறும்போது மரத்தைப் பின்னுக்கு இழுப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அப்படி இழுக்காதீர்கள். மரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு சுவிட்சை அணையுங்கள். பிளேடு முழுதாக நின்ற பிறகு மரத்தை எடுங்கள்.

பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு இருக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் மிஷினில் அது இல்லையே?

உள்ளூரில் வெல்டிங் செய்து கட்டிய மிஷின்கள் பலவற்றில் இருக்காது. இருந்த மிஷின்களிலும் இடைஞ்சல் என்று கழற்றி எங்காவது போட்டிருப்பார்கள். ரம்பத்தில் ஒரே ஒரு பாதுகாப்புக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அந்தப் பணம் இந்தப் பின்தகடுக்குப் போகட்டும். அறுத்த வெட்டு மூடிக்கொள்ளாமல் அது பிரித்துப் பிடிக்கும். மரம் பின்பக்கப் பற்கள் மேல் சாயாமலும் தடுக்கும்.

லேத் பட்டறையில் செய்து வாங்கலாம். அளவுகள்தான் முக்கியம். தகட்டின் தடிமன், பிளேடின் உடல் தடிமனைவிட அதிகமாகவும் பல் அறுக்கும் வெட்டின் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். பல் 3.2 மி.மீ. அகலத்துக்கு வெட்டுகிறது, உடல் 2.2 மி.மீ. என்றால் தகடு 2.5 மி.மீ. அளவில் பொருந்தும். வெட்டைவிடத் தடித்த தகடு போட்டால் மரம் அதில் முட்டி நிற்கும். தள்ளுகிறவர் பலம் கொடுப்பார். அது வேறு ஆபத்து. பிளேடின் வளைவை ஒட்டியே தகடும் வளைந்திருக்க வேண்டும். மேஜை மட்டத்தில் பல்லுக்கும் தகடுக்கும் இடைவெளி 3 முதல் 8 மி.மீ. வரை இருக்கலாம். உயரம் பிளேடின் உச்சியைவிட 2 அல்லது 3 மி.மீ. தாழ்வாக இருந்தால், பள்ளம் எடுக்கும் வேலைக்குக்கூட அதைக் கழற்ற வேண்டியிருக்காது. கையால் வளைக்க முடிகிற தகரம் இதற்கு ஆகாது.

எங்கே பொருத்துவது என்பதில் கவனம் வேண்டும். பிளேடு ஏறி இறங்கும் மிஷினில் தகடும் அதோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். பிளேடு நிலையாக நிற்க, மேஜை ஏறி இறங்கும் மிஷினாக இருந்தால் தகட்டை மேஜையில் பிடிக்காமல், பேரிங் நிற்கும் சட்டத்தில் போல்ட் போட்டுப் பிடிக்க வேண்டும். பொருத்திய பின் ஒரு நேரான கோலை பிளேடின் இரு பக்கமும் ஒட்டி வைத்துப் பாருங்கள். தகடு எந்தப் பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

மேலே மூடி அவசியமா?

அவசியம். பிளேடின் உச்சியை மறைத்து, மரத்தின் மேல் கொஞ்சம்தான் இடைவெளி இருக்கும்படி இறக்கி வைக்க வேண்டும். மேஜைக்கு அடியில் பிளேடு சுற்றும் பகுதியையும் தகடு அடித்து மூடுங்கள். தூள் அடைத்துக்கொண்டது என்று குனிந்து கையை விடுகிற இடம் அது.

கைடு சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் பிளேடு மேஜைக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். மெயினை அணைத்துவிட்டு ஒரு பல்லில் மார்க்கர் பேனாவால் புள்ளி வையுங்கள். அந்தப் பல்லை முன்பக்கம் கொண்டுவந்து, மேஜையில் உள்ள நீளப் பள்ளத்திலிருந்து அது எவ்வளவு தூரம் என்று அளக்கவும். பிறகு பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளக்கவும். ஒரே பல்லை அளப்பதால் பிளேடில் சின்னக் கோணல் இருந்தாலும் அளவு ஏமாற்றாது. வித்தியாசம் ஒரு சாதாரண ஜெராக்ஸ் தாளின் கனம், அதாவது சுமார் 0.1 மி.மீ. வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் மேஜை போல்ட்டையோ பேரிங் கட்டையையோ தளர்த்திச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது கைடு. அதே பள்ளத்துக்கு இணையாக வையுங்கள். வித்தியாசம் இருந்தே தீரும் என்றால் பின்முனை ஒரு தாள் கனம் வெளியே விலகியிருக்கட்டும். உள்ளே சாய்வது மட்டும் கூடாது. மேஜையில் பள்ளமே இல்லாத மிஷின் என்றால் பிளேடின் முன் பல்லிலிருந்தும் பின் பல்லிலிருந்தும் கைடு வரை அளந்து ஒப்பிடுங்கள்.

பிளைவுட் அல்லாத அசல் மரத்தை நெடுக்காக அறுக்கும்போது நீளமான கைடு ஒரு குறை. வெட்டு விரியப் பார்க்கும் மரத்தைப் பின்பகுதிக் கைடு மறுபடி பிளேடு பக்கம் தள்ளுகிறது. கைடில் ஒரு நேரான கட்டையை கிளாம்ப் போட்டு, அது பிளேடின் நடுவுக்கு முன்பே முடிந்துவிடும்படி வைத்தால் மரம் அறுபட்டதும் விலகிக்கொள்ள இடம் கிடைக்கும். பிளைவுட்டுக்கு இது வேண்டாம். நீளக் கைடே நல்லது.

பட்டறையில் வருடத்துக்கு ஒருமுறை எல்லா மிஷினையும் நிறுத்தித் துடைப்பது ஆயுத பூஜைக்குத்தான். இந்த அளவுகளைப் பார்க்க அதைவிடத் தோதான நாள் கிடையாது. பூஜைக்கு முன் மெயினை அணைத்துவிடுங்கள். தூள் படிந்த மேஜை பக்கத்தில் கற்பூரம் ஏற்ற வேண்டாம், வாசலில் காட்டிக்கொள்ளலாம்.

பிளேடு எவ்வளவு உயரம் தெரிய வேண்டும்?

மரத்தின் கனத்துக்கு மேல் 3 முதல் 6 மி.மீ., அதாவது ஒன்று அல்லது இரண்டு நூல். அதிகம் தூக்கினால் வெட்டு சுத்தமாக வரும் என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் அந்த அளவுக்குக் கூடுதலாகப் பல் வெளியே நிற்கிறது என்பதும் உண்மை.

எந்த வேலைக்கு எந்த பிளேடு?

10 அங்குலத்தில் நெடுக்கு அறுப்புக்கு 24 பல், குறுக்கு அறுப்புக்கும் பிளைவுட்டுக்கும் 60 அல்லது 80 பல், இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான் வைத்திருப்பீர்கள் என்றால் 40 பல். 80 பல் பிளேடில் இரண்டு அங்குலத் தேக்கை நெடுக்கே விட்டால் தூள் வெளியேற இடம் இல்லாமல் பல் சூடேறி, மரம் கருகி, பிளேடு நெளிந்துவிடும்.

பிளேடின் மேல் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்று வேகம் உங்கள் ஷாஃப்டின் (பிளேடு மாட்டும் தண்டின்) வேகத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். மோட்டார் புல்லியை மாற்றி வேகத்தைக் கூட்டியிருந்தால் கணக்கை மறுபடி போடுங்கள்: மோட்டார் சுற்றை மோட்டார் புல்லியின் விட்டத்தால் பெருக்கி ஷாஃப்ட் புல்லியின் விட்டத்தால் வகுத்தால் ஷாஃப்ட் சுற்று. 1440 சுற்று மோட்டாரில் 6 அங்குலப் புல்லி, ஷாஃப்டில் 3 அங்குலப் புல்லி என்றால் 2880. நடுத்துளை பெரிதாக இருக்கும் பிளேடைக் காகிதம் சுற்றி மாட்டக் கூடாது. சரியான புஷ் (துளைக்குள் பொருந்தும் உலோக வளையம்) போடுங்கள். பல் பெயர்ந்த பிளேடையும் உடலில் விரிசல் விழுந்த பிளேடையும் ஓட்டவே கூடாது. பிசின் பிடித்துப் பழுப்பேறியிருந்தால் உடனே சாணைக்கு அனுப்பிவிட வேண்டாம். வெந்நீரில் சலவைச் சோடா போட்டு ஊறவைத்துத் தேய்த்துப் பாருங்கள். பாதி நேரம் மழுங்கல் என்று நினைத்தது பிசினாக இருக்கும்.

பிரித்த வீட்டு மரத்தை நேராக ரம்பத்தில் வைக்கலாமா?

கூடாது. பர்மா தேக்கு என்று ஆசைப்பட்டு வாங்கிய உத்தரத்தை வந்த அன்றே மேஜையில் ஏற்றுவதில்தான் பிளேடுகள் போகின்றன. பல்நுனியில் பதித்திருக்கும் கார்பைடு என்ற மிகக் கெட்டியான பொருளின் துணுக்கு தெறித்துக் கண்ணுக்கும் வரும்.

முதலில் சுத்தம். கம்பி பிரஷ்ஷால் சுண்ணாம்புக் காரை, மண், ஒட்டடை எல்லாம் போகத் தேயுங்கள். சுவருக்குள் புதைந்திருந்த நிலையின் முதுகிலும், உத்தரம் சுவரில் உட்கார்ந்த முனைகளிலும் மணல் மரத்துக்குள்ளேயே ஏறியிருக்கும். அந்த முனையை மூன்று, நான்கு அங்குலம் கைரம்பத்தால் வெட்டி எறிந்துவிடுவது பிளேடுக்குச் சிக்கனம். கரையான் தின்ற பொந்துகளில் மண் கெட்டியாக அடைந்திருக்கும்; உளியால் குத்தி வெளியே எடுங்கள்.

அடுத்தது ஆணி. கொல்லர் அடித்த பழைய ஆணிகளின் தலை துருவில் உதிர்ந்து போயிருக்கும். உடல் மட்டும் மரத்துக்குள் நிற்கும், மேலே எதுவும் தெரியாது. மரத்தின் மேல் கருநீலக் கறை வட்டமாகத் தெரிந்தால் அங்கே இரும்பு இருக்கிறது அல்லது இருந்தது. கைமரம் உத்தரத்தில் உட்கார்ந்த இடங்கள், மேல்பலகை அடித்த வரிசை, கதவில் கீலும் நாதாங்கியும் இருந்த இடங்கள் என்று ஒவ்வொன்றையும் தேடுங்கள். இரும்பைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். பித்தளைக் குமிழையும் பித்தளைத் திருகையும் அது காட்டாது. செட்டிநாட்டுக் கதவுகளில் பித்தளை தாராளமாக இருப்பதால் கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. அது சத்தம் போடும் இடத்தை எல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டு, ஆணியை எடுத்த பிறகு வட்டத்தை அழியுங்கள். சின்ன ஆணி ஆழத்தில் இருந்தால் டிடெக்டர் பிடிக்காது. அதனால் கனமான மரத்தை ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும், புதிதாகத் தெரியும் முகத்தில் மறுபடி தடவிப் பார்க்க வேண்டும். என்ன பார்த்தாலும் ஒன்றிரண்டு தப்பும். ஆகவே பழைய மரத்துக்கு என்று விலை குறைந்த 24 பல் பிளேடு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெயிண்ட் அடித்த கதவு, ஜன்னல் என்றால் இன்னொரு கவலை. பழைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதை ரம்பத்தில் விட்டால் ஈயம் தூளாகக் காற்றில் பரவும். ஈரப்படுத்திச் சுரண்டி, சுரண்டியதைப் பையில் கட்டி, பிறகு அறுங்கள். சின்னப் பிள்ளைகள் விளையாடும் வளவில் வைத்து இந்த வேலை வேண்டாம்.

பிறகுதான் மரத்தை நேராக்குவது. பழைய உத்தரம் எத்தனை வருடம் காய்ந்திருந்தாலும் முறுக்கும் வளைவும் இருக்கும். ஒரு முகத்தையும் ஒரு விளிம்பையும் இழைத்து நேராக்கி, நேரான முகம் மேஜையிலும் நேரான விளிம்பு கைடிலும் ஒட்டி வரும்படி அறுக்க வேண்டும். நேரான பக்கம் இல்லாத மரத்தை ஒரு பிளைவுட் துண்டின் மேல் திருகு போட்டுப் பிடித்து, பிளைவுட்டின் விளிம்பைக் கைடில் ஓட்டலாம். அந்தத் திருகு பிளேடு போகும் வழியில் இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுக்கும்போது கண் பிளேடில் மட்டும் இருக்கக் கூடாது. வெட்டு பின்னால் மூடுகிறதா என்று பாருங்கள். மூடத் தொடங்கினால் மிஷினை நிறுத்தி, வெட்டுக்குள் மர ஆப்பு ஒன்றைச் செருகிவிட்டுத் தொடருங்கள்.

உருட்டுத் தூணை டேபிள் ரம்பத்தில் பிளக்க முடியுமா?

அப்படியே வைத்தால் முடியாது. உருண்டை மரத்துக்கு மேஜையில் கோடு போல் ஒரே ஒரு இடத்தில்தான் ஆதாரம். பல் பட்டதும் அது சுழன்று கையைப் பிளேடுக்குள் இழுத்துக்கொள்ளும்.

ஆழமும் போதாது. 10 அங்குல பிளேடு சுமார் 3 அங்குலமும் 12 அங்குல பிளேடு சுமார் 4 அங்குலமும்தான் அறுக்கும். திருப்பிப் போட்டு இரண்டு பக்கமும் அறுத்துவிடலாம் என்பவர்கள் உண்டு. இரண்டு வெட்டும் நேராகச் சேராமல் நடுவில் மரம் இறுகும். தூணை பேண்ட் சா (வளையமாக ஓடும் பட்டை ரம்பம்) உள்ள சா மில்லுக்கு அனுப்பி இரண்டு பக்கம் தட்டையாக்கி வாங்கிவிடுங்கள். பேண்ட் சாவில் பிளேடு கீழ்நோக்கி மட்டும் ஓடுவதால் மரத்தைத் தூக்கி எறியும் பிரச்சினை இல்லை. அங்கும் உருண்டை மரத்தை உருளாமல் பிடிக்கும் வண்டியில்தான் ஏற்ற வேண்டும்.

எங்கே நிற்க வேண்டும்? கை எங்கே இருக்க வேண்டும்?

கைடு பிளேடுக்கு வலப்பக்கம் இருந்தால், பிளேடின் நேர்க்கோட்டுக்குச் சற்று இடப்பக்கம் நில்லுங்கள். எகிறும் மரம் அநேகமாகப் பிளேடுக்கும் கைடுக்கும் நடுவிலிருந்துதான் வரும். பிளேடின் நேர்க்கோட்டில் வேறு யாரும் நிற்கவும் குறுக்கே நடக்கவும் கூடாது; டீ கொண்டுவருகிறவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

பிளேடைச் சுற்றி 6 அங்குலத்துக்கு மேஜையில் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். அதற்குள் கை வரக் கூடாது. 12 அங்குலத்துக்குக் குறைவான எந்த அறுப்பிலும், நீள அறுப்பின் கடைசி 12 அங்குலத்திலும் தள்ளுகட்டையைக் கையில் எடுங்கள். 18 அங்குல நீளத்தில், முனையில் மரத்தைக் கவ்வ ஒரு வெட்டு போட்டால் தள்ளுகட்டை தயார். அதைவிட நல்லது அடிப்பாகம் அகலமான, பின்னால் குதிகால் வைத்த கட்டை. அது மரத்தைத் தள்ளுவதோடு மேஜையில் அழுத்தியும் பிடிக்கும். கைடிலேயே ஆணி அடித்து எப்போதும் மாட்டி வையுங்கள். தேட வேண்டியிருந்தால் யாரும் தேடமாட்டார்கள்.

நீள மரத்துக்குப் பின்னால் ஒருவர் நிற்க வேண்டியிருந்தால், மேஜையைப் பின்பக்கம் நீட்டிக்கட்டி, ஷாஃப்டிலிருந்து அவர் நிற்கும் விளிம்பு வரை 4 அடி இருக்கும்படி செய்யுங்கள். அவர் வேலை மரத்தைத் தாங்குவது மட்டுமே. அவர் இழுக்கத் தொடங்கினால் தள்ளுகிறவரின் கை தன்னால் முன்னே போகும். பட்டறைக்குப் புதிதாக வந்த பையன்களைத்தான் பெரும்பாலும் பின்னால் நிறுத்துகிறார்கள். மிஷினின் எந்தப் பக்கமும் 18 வயது நிரம்பாதவரை நிறுத்தாதீர்கள்.

சின்னத் துண்டை எப்படி அறுப்பது?

ஓர் அடிக்குக் குறைந்த துண்டை நெடுக்காக அறுக்காதீர்கள். பெரிய பலகையிலேயே நெடுக்கு அறுப்பை முடித்துவிட்டு, கடைசியில் நீளத்தை வெட்டுங்கள். ஏற்கெனவே சின்னதாகிவிட்டது என்றால் கைரம்பம் இருக்கிறது.

குறுக்கே அறுக்கும்போது கைடையும் கோணக் கைடையும் (மேஜைப் பள்ளத்தில் ஓடி மரத்தைக் குறுக்காகத் தள்ளும் கைடு) சேர்த்து வைத்தால் எல்லாத் துண்டும் ஒரே அளவாக வருமே?

வரும், ஆனால் அறுபட்ட துண்டு பிளேடுக்கும் கைடுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, கொஞ்சம் திரும்பினாலும் கவ்வி எகிறும். ஒரே அளவு வேண்டும் என்றால் கைடின் முன்பகுதியில், பிளேடை எட்டுவதற்கு வெகு முன்னால், ஓர் அங்குலக் கட்டை ஒன்றை கிளாம்ப் போடுங்கள். அதில் மரத்தை முட்டி அளவு வைத்துக்கொண்டு கோணக் கைடால் தள்ளினால், மரம் பிளேடை அடையும்போது கைடுக்கும் அதற்கும் ஓர் அங்குல இடைவெளி இருக்கும். கைடில் படிக்கும் அளவிலிருந்து அந்த ஓர் அங்குலத்தைக் கழிக்க மறக்க வேண்டாம்.

கைக் கட்டரைத் தலைகீழாகக் கட்டிப் பலகைக்கு அடியில் மாட்டி ஓட்டுகிறோம். அதுவும் டேபிள் ரம்பம்தானே?

சைட் வேலைக்குப் போகும் இடங்களில் இது சகஜம். மலிவு, தூக்கிப்போவது சுலபம். ஆனால் அதில் இருக்கும் குறைகள் எல்லாம் பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை. சுவிட்சை அழுத்திய நிலையில் கயிறு கட்டியோ கிளிப் போட்டோ வைத்திருப்பார்கள். மின்சாரம் போய்த் திரும்பினால் அதுவாகவே ஓடும். அவசரத்தில் நிறுத்தப் பலகைக்கு அடியில் கை விட வேண்டும். கீழ்மூடி கட்டி வைக்கப்பட்டிருக்கும். பின்தகடு கிடையாது. 4 அங்குல மார்பிள் கட்டர் நிமிடத்துக்கு 12000 சுற்று அளவில் ஓடுகிறது; மரத்துக்கான பிளேடுகளில் எல்லாம் அந்த வேகத்துக்கு அனுமதி இருக்காது.

விட முடியாது என்றால் குறைந்தபட்சம் இவை: 19 மி.மீ. பிளைவுட் மேஜை, கட்டரைத் திருகு போட்டு, ஆட்டம் இல்லாமல் இறுக்கிப் பிடிப்பது, மேஜையின் முன்னால், முட்டியால் அடித்தும் அணைக்கக்கூடிய தனி சுவிட்ச், பிளேடுக்கு நேர் பின்னால் மேஜையிலேயே பொருத்திய பின்தகடு. முக்கால் அங்குலத்துக்கு மேற்பட்ட மரத்தை அதில் அறுக்க வேண்டாம்.

ஆங்கிள் கிரைண்டரில் மர பிளேடு மாட்டுவது பற்றியும் கேட்கிறார்கள். அதற்கு ஒரே பதில், வேண்டாம்.

கையுறை போட்டுக்கொள்ளலாமா?

ரம்பம் ஓடும்போது கூடாது. தோல் மட்டும் பட்டால் வெட்டோடு போகலாம். கையுறை பல்லில் சிக்கினால் கை முழுவதையும் உள்ளே இழுக்கும். பிளேடு மாற்றும்போதும் சிலாம்பு நிறைந்த பழைய மரத்தைத் தூக்கும்போதும் போட்டுக்கொள்ளலாம்.

கைலி, தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை, மோதிரம் ஆகியவையும் அப்படித்தான். வேண்டுதலுக்குக் கட்டிய கயிற்றைக் கழற்ற மனம் வராது என்றால் மணிக்கட்டில் இறுக்கமாக பேண்டேஜ் சுற்றி மறையுங்கள். ரப்பர் செருப்பு தூள் படிந்த தரையில் வழுக்கும், ஷூ போடுங்கள். பக்கமும் மூடிய கண்ணாடி, காதுக்கு மஃப் இரண்டும் வேண்டும்.

மின்சாரத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

மின்சாரம் போய்த் திரும்பும்போது மிஷின் தானாக ஓடக் கூடாது. சாதாரண சுவிட்சோ பழைய மெயின் ஹேண்டிலோ இருந்தால் அது தானாக ஓடும். மின்சாரம் போனதும் விடுபட்டு, பச்சைப் பட்டனை அழுத்தினால் மட்டுமே மறுபடி இயங்கும் ஸ்டார்ட்டர் போடுங்கள். அதில் மோட்டாரின் ஆம்பியருக்குத் தகுந்த ஓவர்லோடு ரிலே (மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் அணைப்பது) இருக்கட்டும். சிவப்பு நிறுத்து பட்டன் இடுப்பு உயரத்தில், மரம் மறைக்காத இடத்தில் இருக்க வேண்டும்.

மூன்று பேஸ் மிஷினில் இன்னொன்று. டிரான்ஸ்ஃபார்மர் வேலையோ வயரிங் வேலையோ நடந்த பிறகு பேஸ் வரிசை மாறியிருந்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். பிளேடைப் பிடித்திருக்கும் நட், சரியான திசையில் ஓடும்போது இறுகும்படி மரை போடப்பட்டது. எதிர்த்திசையில் அது தளரும். எந்த மின் வேலைக்குப் பிறகும் மரம் வைக்காமல் ஒரு நொடி ஓட்டி, அணைத்து, திசையைப் பாருங்கள். ஒரு பேஸ் போய்விட்டால் மோட்டார் உறுமும், வேகம் எடுக்காது; உடனே அணையுங்கள்.

ஒற்றை பேஸ் 2 எச்.பி. மோட்டாருக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு வயரும் பெரிய 15 ஆம்பியர் பிளக்கும் வேண்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டினால் வோல்ட்டேஜ் இறங்கி மோட்டார் திணறும். பாதி மரத்தில் பிளேடு நிற்கப் பார்ப்பது பல இடங்களில் இதனால்தான். எர்த் இல்லாமல் ஓட்ட வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே விழும் டிரிப்பர் இருப்பது நல்லது.

தூளுக்குத் துண்டைக் கட்டிக்கொண்டால் போதாதா?

போதாது. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே உறுதியான பட்டியலில் சேர்த்துவிட்டது. ஈட்டி, தேக்குத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பும் இழுப்பும் உண்டாக்கும். நுண்ணிய தூள் துண்டின் இழைகளுக்கு நடுவே போய்விடும். என் 95 முகக்கவசம் போடுங்கள். தூளை கம்பிரசர் காற்றால் ஊதாதீர்கள், படிந்தது எல்லாம் மறுபடி மூச்சில் ஏறும். மோட்டார் மேல் படியும் தூளைத் தினமும் எடுக்காவிட்டால் சூட்டில் புகையத் தொடங்கும்.

விரல் பட்டதும் நின்றுவிடும் ரம்பம் இருக்கிறதாமே?

இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் உருவாக்கிய சாஸ்டாப் மிஷின் 2004 முதல் விற்பனையில் உள்ளது. பிளேடில் எப்போதும் சின்ன மின் சமிக்ஞை ஓடும்; உடம்பு பட்டால் அது மாறும்; அலுமினியக் கட்டை ஒன்று பிளேடில் பாய்ந்து சில மில்லி நொடிகளில் நிறுத்திவிடும். ஒருமுறை இயங்கினால் அந்தக் கட்டைப் பெட்டியையும் பெரும்பாலும் பிளேடையும் மாற்ற வேண்டும். நன்றாக நனைந்த மரமும் அதை ஏமாற்றி நிறுத்தக்கூடும். மரம் எகிறுவதை அது தடுப்பதில்லை. அந்த மிஷினிலும் பின்தகடு இருக்கிறது.

விரல் வெட்டுப்பட்டால் என்ன செய்வது?

மெயினை அணையுங்கள். அடிபட்டவரை உட்கார வைத்து, சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடியுங்கள். மஞ்சள், காப்பித்தூள், மரத்தூள் எதையும் வைக்காதீர்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும்.

துண்டான விரலைத் தேடி எடுங்கள், தூளுக்குள் கிடக்கும். தேய்க்காமல் சுத்தமான தண்ணீரில் அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீர் உள்ள இன்னொரு பையிலோ தூக்கிலோ வையுங்கள். விரல் நேராக ஐஸில் பட்டால் திசு செத்துவிடும். இப்படிக் குளிர்ச்சியாக வைத்தால் விரல் பல மணி நேரம் தாங்கும். ஆகவே காரைக்குடியில் முதலுதவி முடித்து மதுரைக்கோ திருச்சிக்கோ கொண்டுபோகும் அவகாசம் உண்டு. விரலை ஒட்டும் நுண் அறுவை எந்த மருத்துவமனையில் செய்கிறார்கள் என்பதை இன்றே விசாரித்து, எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். அடிபட்டவருக்கு வழியில் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

பழைய ரம்பம் விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பெல்ட்டைக் கழற்றி ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். பேரிங்கில் கரகரப்பு இருக்கக் கூடாது. ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் செலவு உண்டு, ஷாஃப்டே தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். மேஜையின் மேல் நேரான ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். கைடைப் பூட்டிவிட்டுப் பின்முனையைத் தள்ளிப் பாருங்கள்; நகர்ந்தால் வேறு கைடு செய்ய வேண்டும். மேஜைப் பிளவு அகலமாகிப் போயிருந்தால் மெல்லிய துண்டுகள் உள்ளே விழுந்து சிக்கும். பிளைவுட்டில் புதுத் துண்டு செய்து, பிளேடை மெதுவாக மேலே தூக்கி அதிலேயே வழி அறுத்துக்கொள்ளலாம். பின்தகடும் மூடியும் எங்கே என்று கேளுங்கள். இல்லை என்பார்கள். செய்து வாங்கும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.